பூட்ஸைத் திருப்பிப் பாருங்கள்

டொரான்டோ நகரின் யுனிவர்சிட்டி அவென்யூவில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. அதன் அடியில், தரைமட்டத்துக்கும் கீழே, பனிக்கட்டியால் தரை போட்ட அறை ஒன்று உண்டு. உடம்பில் வார்ப்பட்டை கட்டி, அதை மேலே கொக்கியில் மாட்டிக்கொண்டு, ஒருவர் அந்தத் தரையில் ஏறியும் இறங்கியும் நடப்பார். வழுக்கவில்லை என்றால் அறையையே ஒரு டிகிரி சாய்ப்பார்கள். மறுபடி நடக்கவேண்டும். மறுபடி ஒரு டிகிரி. கடைசியில் கால் நழுவும், பட்டை தாங்கிக்கொள்ளும். எத்தனை டிகிரியில் நழுவினார் என்று குறித்துக்கொண்டு, அவர் காலில் இருக்கும் பூட்ஸைக் கழற்றி அடுத்த ஜோடியை மாட்டுவார்கள்.

கைட் ஆய்வு நிறுவனத்தின் ‘வின்டர்லேப்’ அது. பேராசிரியர் ஜெஃப் ஃபெர்னியின் முன்முயற்சியில் வளர்ந்த ஆய்வுக்கூடம். கடையில் விற்கும் குளிர்காலப் பூட்ஸ்களை வாங்கி, இப்படிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, 2016-ல் முதல்முறையாக முடிவுகளைப் பொதுமக்களுக்கு வெளியிட்டார்கள். 98 வகைப் பூட்ஸ்கள். குறைந்தபட்சத் தேர்ச்சிக்கு அவர்கள் வைத்த அளவு 7 டிகிரி. அது ஒன்றும் மலைச்சரிவு அல்ல. ஒரு மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய 12 சென்டிமீட்டர் உயரம். நடைபாதை முடிந்து சாலையில் இறங்கும் இடத்தில் சக்கர நாற்காலிக்காக வைத்திருக்கும் சரிவை நினைத்துக்கொள்ளலாம். அந்தச் சரிவில் வழுக்காமல் நின்றவை, பத்தில் ஒன்றுக்கும் குறைவு.

மற்றவை மோசமான பூட்ஸ்கள் என்று சொல்லிவிட முடியாது. நனையாதவை, கதகதப்பானவை, நாலைந்து குளிர்காலம் உழைக்கக்கூடியவை அவற்றிலும் இருந்தன. பனிக்கட்டியில் நிற்காது, அவ்வளவுதான். கடையில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை என்பதுதான் சிக்கல்.

கனடாவில் புதிதாக வந்திறங்கும் தமிழ்க் குடும்பம் முதல் நவம்பரில் பூட்ஸ் வாங்கக் கிளம்பும்போது, முன்பே வந்து பழகிய உறவினர் யாராவது கூடவே போவார். “நல்லா மொத்தமா, சூடா இருக்கிறதாப் பார்த்து வாங்குங்கோ” என்பார். அக்கறையான யோசனைதான். கடையும் அதையே சொல்லும். பெட்டியின் மேல் மைனஸ் 30, மைனஸ் 40 என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். அந்த எண், கால் எவ்வளவு குளிரைத் தாங்கும் என்று தயாரிப்பாளர் சொல்லிக்கொள்ளும் கணக்கு. தரையில் கால் நிற்குமா என்பதைப் பற்றி அதில் ஒரு சொல்லும் கிடையாது. போட்டுப் பார்ப்பதும் கடையின் காய்ந்த தரையில்தான். அங்கே ரப்பர் செருப்புக்கூட நன்றாகவே நிற்கும்.

‘வழுக்காது’ என்ற முத்திரை குத்திய பூட்ஸ் உண்டே என்று கேட்கலாம். தொழிற்சாலை ஊழியர்களுக்கான காலணிகளில் எஸ்.ஆர்.சி. என்ற குறியை ஐரோப்பாவில் பல ஆண்டுகள் பயன்படுத்தினார்கள். சோப்புத் தண்ணீர் ஊற்றிய பீங்கான் ஓட்டிலும், கிளிசரின் தடவிய எஃகுத் தகட்டிலும் சோதித்துக் கொடுத்த குறி அது. சமையல்கூடத்துக்கும் பட்டறைக்கும் பொருத்தமான சோதனை. பனிக்கட்டி அதில் இடம்பெறவில்லை. சமையல்கூட வேலைக்கு வாங்கிய ‘வழுக்காத’ ஷூவோடு பேருந்து நிறுத்தத்துக்கு நடப்பவர் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

பனிக்கட்டி ஏன் வழுக்குகிறது? பள்ளிக்கூடத்தில் பலரும் படித்த விடை: மேலே நிற்பவரின் எடை அழுத்தி, பனிக்கட்டி உருகித் தண்ணீராகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு மனிதரின் எடை அதற்குப் போதவே போதாது. மைக்கேல் ஃபாரடே 1850-லேயே வேறொன்றைச் சொன்னார். யாரும் தொடாதபோதும் பனிக்கட்டியின் மேல்தோல் முழுமையாக உறைந்திருப்பதில்லை என்பது அவர் கருத்து. உள்ளே இருக்கும் மூலக்கூறை நாலாபக்கமும் இருந்து மற்றவை பிடித்து வைத்திருக்கின்றன. மேல்வரிசையில் இருப்பதற்கோ தலைக்கு மேல் ஆளில்லை; அதனால் பிடி தளர்ந்து அலைகிறது. இதோடு கால் உரசும்போது பிறக்கும் சூடும் சேர்ந்துகொள்கிறது. எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று விஞ்ஞானிகள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

நடப்பவருக்கு இதிலிருந்து கிடைக்கும் செய்தி கொஞ்சம் விசித்திரமானது. குளிர் ஏற ஏற அந்த மேல்தோல் இறுகிவிடும், வழுக்கலும் குறையும். அன்டார்டிகாவில் 1911-ன் நடுக்குளிர்காலத்தில் ஆப்ஸ்லி செர்ரி-கெரார்டும் அவருடைய இரு தோழர்களும் சறுக்குவண்டியை இழுத்துப் போனபோது, கடுங்குளிரில் பனி மணலைப் போல வண்டியைப் பிடித்து நிறுத்தியது. ஆக, மைனஸ் 20 என்று வானொலி பயமுறுத்தும் நாளைவிட, வெயில் எட்டிப் பார்த்துச் சுழியத்தைத் தொடும் நாள்தான் எலும்புக்கு ஆபத்து. பகலில் உருகியது சாயங்காலம் உறைகிறது. கண்ணாடிபோல் தெளிந்த அந்தப் படலத்தின் ஊடாகக் கீழே இருக்கும் தார் அப்படியே தெரிவதால் கனடாவில் ‘பிளாக் ஐஸ்’ என்கிறார்கள். சாலை வெறுமனே ஈரமாக இருப்பதாகத்தான் தோன்றும்.

இதைவிடக் கொடியது உறைமழை. தண்ணீராகவே விழுந்து, தொட்ட இடத்தில் உறைவது. 2013 டிசம்பரில், கிறிஸ்துமஸுக்குச் சில நாள் முன்னால், டொரான்டோவில் அப்படிப் பெய்தது. மரக்கிளைகள் பாரம் தாங்காமல் முறிந்து மின்கம்பிகள் மேல் விழ, நகரத்தில் ஏறத்தாழ 3 லட்சம் இணைப்புகள் இருட்டாயின. வீட்டுப் படியிலிருந்து தெருவரை எல்லாம் ஒரே பளிங்கு.

நமக்கு மார்கழிப் பனியும் பனிதான், ஊட்டிப் புல்வெளியில் உறைவதும் பனிதான், இமயத்தில் கொட்டுவதும் பனிதான். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மொழி சமாளித்துவிடும். காலணியால் முடியாது. கொட்டிக் கிடக்கும் வெண்பனிக்குள் நடக்க, ஆழமான வரிப்பள்ளம் உள்ள அடி வேண்டும். ட்ராக்டர் டயர் சேற்றைக் கடிப்பதுபோல அது பனியைக் கடிக்கும். வழவழப்பான பனிக்கட்டியில் கடிப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே தரையைத் தொடுவது பள்ளங்களுக்கு இடையே இருக்கும் மேடுகள் மட்டுமே. பள்ளம் அகன்று, மேடு சிறுத்திருந்தால் தொடும் பரப்பும் குறைவு. பார்வைக்கு முரட்டுத்தனமாக இருக்கும் மலையேறும் பூட்ஸ் பனிக்கட்டியில் ஏமாற்றுவது இதனால்தான்.

அடுத்தது, அந்த அடி எதனால் ஆனது என்பது. பி.வி.சி. போன்ற மலிவான பிளாஸ்டிக் அடிகள் குளிரில் விறைத்து மரக்கட்டையாகிவிடும். இயற்கை ரப்பர் மைனஸ் 70 டிகிரி நெருங்கும்வரை கண்ணாடிபோல் இறுகாது. கன்னியாகுமரி மலையோரத்தில் சிரட்டையில் வடிகிற அதே பாலுக்கு இப்படி ஒரு குணம். மெத்தென்ற ரப்பர், பனிக்கட்டியின் கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களுக்குள் அமுங்கி ஒட்டிக்கொள்ளும். கடையில் இதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: பூட்ஸைத் திருப்பிப் பிடித்து அடியில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நகம் கொஞ்சம்கூட இறங்காவிட்டால், மைனஸ் 15-ல் அது எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

மெத்தென்ற ரப்பரும் எல்லா நாளும் காப்பாற்றாது. தொழில்சார் உடல்நல ஆய்வுக்குப் பெயர்பெற்ற ஃபின்லாந்தில், ரவுல் க்ரோன்க்விஸ்ட்டும் மிக்கோ ஹிர்வோனனும் 1995-ல் வெளியிட்ட ஆய்வு ஒரு முரணைக் காட்டியது. காய்ந்த, கடுங்குளிர்ப் பனிக்கட்டியில் மிருதுவான அடிகள் நன்றாகப் பிடித்தன. தண்ணீர் பூசிய, சுழிய டிகிரிப் பனிக்கட்டியில் ஏறக்குறைய எல்லாமே வழுக்கின. அங்கே கூர்மையான விளிம்புள்ள கடினமான குதிகாலே ஓரளவு தாக்குப்பிடித்தது. சாதாரணமாக நடப்பதற்கு உராய்வு எண் 0.2 அளவுக்காவது வேண்டும். ஈரமான பனிக்கட்டியில் வழக்கமான ரப்பருக்குக் கிடைப்பது 0.1, பல நேரம் அதற்கும் கீழே.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் புதுவகை அடிகள் வந்தன. ரப்பருக்குள் கண்ணாடி இழைகளையோ, பொடிப்பொடியான கடினத் துகள்களையோ கலந்து வார்ப்பது. விப்ரம் நிறுவனத்தின் ‘ஆர்க்டிக் கிரிப்’ அந்த ரகம். ‘கிரீன் டயமண்ட்’ இன்னொன்று. உப்புத்தாளைத் தடவினால் சொரசொரப்பது போல, இந்த அடிகளைக் கையால் தடவினாலே கொஞ்சம் தெரியும். மிருதுவான ரப்பர் அமுங்க, நீட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகள் பனிக்கட்டியைக் கீறிப் பிடிக்கும். 2016-ல் வின்டர்லேப் சோதனையில் தேறியவற்றில் இவையே முன்னின்றன. பிறகு வீடுவீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் பணியாளர்களுக்கு இத்தகைய பூட்ஸ்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வுக்கூடத்தில் கண்டது தெருவிலும் பலித்தது: தங்கள் சொந்தப் பூட்ஸில் நடந்தவர்களைவிட இவர்கள் வழுக்கியதும் விழுந்ததும் பாதிக்குமேல் குறைவு.

வெள்ளைக் கரடிக்கு இந்த யோசனை முன்பே வந்துவிட்டது. அமெரிக்காவின் ஏக்ரன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-ல் கரடிப் பாதங்களை ஒப்பிட்டுப் பார்த்தபோது, வெள்ளைக் கரடியின் உள்ளங்காலில் இருக்கும் சிறு முண்டுகள், மற்ற கரடிகளின் முண்டுகளைவிட உயரமாக இருந்தன. உள்ளங்கால் மெத்தை சின்னதாக இருந்தும் பனியில் அதற்குப் பிடிமானம் குறையாததற்கு அதுவே காரணம்.

மனிதர்கள் கையாண்ட பழைய வழி இரும்பு முள். சுவீடனின் பிர்கா தீவில் வைக்கிங் காலத்துக் கல்லறைகளில் காலணி முட்கள் கிடைத்திருக்கின்றன. இன்றும் அந்த நாட்டின் பல ஊராட்சிகள் 65 வயது தாண்டியவர்களுக்குப் பூட்ஸ் மேல் மாட்டும் முள்பட்டைகளை இலவசமாகக் கொடுக்கின்றன. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 2005-ல் வெளியான சோதனை ஒன்றில், ஏற்கனவே விழுந்த அனுபவமுள்ள 65 வயதைக் கடந்த 109 பேரில் ஒரு பகுதியினருக்குக் கம்பிச்சுருள் வைத்த மேல்மாட்டியைக் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் அவர்கள் வெளியே விழுந்தது, மற்றவர்களைவிடப் பாதிக்கும் குறைவு. விலை என்று பார்த்தால் நல்ல பூட்ஸில் சிறு பங்குதான். வயதான பெற்றோர் ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வீட்டில், இன்னொரு ஸ்வெட்டர் வாங்குவதற்கு முன்னால் இதை வாங்கலாம்.

மிதித்து இறுகிய பனிக்குக் கம்பிச்சுருள் போதும். கண்ணாடிப் பனிக்கட்டிக்குக் குதிகாலிலும் முன்பாதத்திலும் முள் இருக்கவேண்டும், ஏனென்றால் வழுக்கல் பெரும்பாலும் குதிகால் ஊன்றும் நொடியில் தொடங்குகிறது. குனிந்து மாட்டமுடியாதவருக்கு, திருப்பிவிட்டால் முள் வெளியே வரும் பூட்ஸ்களும் உண்டு. ஆனால் எந்த முள்ளானாலும் வீட்டுக்குள், கடைக்குள், சுரங்க ரயில் நிலையத்துக்குள் கழற்றியே ஆகவேண்டும். பளபளப்பான ஓட்டுத் தரையில் எஃகு முள் மோசமாக வழுக்கும். தெருவில் பத்திரமாக வந்து வாசல் மண்டபத்தில் விழுவதற்கு வழி அதுதான்.

கையில் எதுவுமே இல்லாமல் மாட்டிக்கொண்டால்? நியூசிலாந்தின் டனேடின் மேடுபள்ளமான ஊர். அங்கே லியான் பார்க்கினும் இரு சக ஆய்வாளர்களும், உறைந்த சரிவு நடைபாதையில் இறங்குவோரிடம் காலுறையைக் கொடுத்து, ஷூவுக்கு மேலே மாட்டிக்கொண்டு நடக்கச் சொன்னார்கள். வழுக்கல் குறைந்தது. கேலிக்கும் பாராட்டுக்கும் நடுவே நிற்கும் இக் நோபல் பரிசு, இயற்பியலுக்காக, 2010-ல் அவர்களுக்குக் கிடைத்தது. பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் காரில் ஒரு ஜோடி பழைய காலுறை கிடந்தால் என்ன நஷ்டம்?

அளவு பார்க்கும்போது தடித்த காலுறையோடு பார்க்கவேண்டும்; உள்ளே பாதம் ஆடினால் அடி எவ்வளவு பிடித்தும் பயனில்லை. குதிகால் தாழ்வாகவும் அகலமாகவும் இருக்கட்டும். பள்ளங்களில் பனி அடைத்து உறைந்துவிட்டால் பனிக்கட்டி மேல் பனிக்கட்டியாகிவிடும் என்பதால், வாசலில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு இறங்குவது வழக்கமாகவேண்டும். தேய்மானமும் முக்கியம். துகள் கலந்த அடிகளின் சொரசொரப்பு, உப்பும் சிமெண்ட் நடைபாதையும் உரசி உரசி மழுங்கும். மேலே தோல் புதிதுபோல் மின்னிக்கொண்டிருந்தாலும் கீழே கதை முடிந்திருக்கலாம்.

தைப்பொங்கல் வருவது டொரான்டோவில் குளிரின் உச்சத்தில். ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கத்துக் கோயில்களில் அன்று செருப்புத் தட்டு நிரம்பி, பூட்ஸ்கள் தரையில் சாய்ந்தும் கவிழ்ந்தும் கிடக்கும். தரிசனம் முடிந்து தன் ஜோடியைத் தேடுகிறவருக்கு நூறு ஜோடிகளின் அடிப்பகுதி ஒரே இடத்தில் தெரியும். குதிகாலின் பின்விளிம்பு வழவழவென்று மழுங்கியவை அவற்றில் எத்தனை என்று எண்ணிப் பார்க்கலாம். சொந்தப் பூட்ஸிலிருந்து தொடங்கி.