டெட்ராய்ட்ல வீடு ஏன் இவ்ளோ சீப்? வெய்ன் கவுன்ட்டியும் அதோட வரி பில்லும்

போன மாசம் என் காலேஜ் ஜூனியர் ஒருத்தன் வாட்ஸ்அப்ல ஒரு வீட்டு லிங்க் அனுப்பினான். டெக்சாஸ்ல இருந்தவன். இப்போ மிஷிகன் மாநிலத்துல, ஃபோர்டு கம்பெனியோட தலைமையகம் இருக்கிற டியர்பார்ன்ல வேலை கெடச்சிருக்கு. "அண்ணா, மூணு பெட்ரூம் தனி வீடு, 1,20,000 டாலர். வருஷத்துக்கு வரி 1,400 டாலர்தான் போட்டிருக்கு. வேளச்சேரில ஒரு ஃபிளாட்டே இந்த ரேட் வருது. வாங்கிடவா?"

வீடு இருக்கிறது பக்கத்துல டெட்ராய்ட் நகரத்துக்குள்ள. டெட்ராய்ட், டியர்பார்ன், நம்மாளுங்க நிறைய பேர் குடியிருக்கிற கேன்டன், எல்லாமே வெய்ன் கவுன்ட்டிக்குள்ள வருது. கவுன்ட்டின்னா ஏறக்குறைய நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. அவனுக்கு நான் அனுப்பின வாய்ஸ் நோட்தான் இந்த எபிசோட். ரொம்ப நீளமா போயிடுச்சு, அதான்.

முதல்ல அந்த 1,400 டாலர். அது அவன் கட்டப்போற வரி இல்ல. இப்போ அந்த வீட்டை விக்கிறவங்க கட்டுற வரி.

மிஷிகன்ல 1994ல ப்ரொபோசல் ஏ-ன்னு ஒரு சட்டத் திருத்தம் வந்துச்சு. வீட்டோட மார்க்கெட் விலை எவ்வளவு ஏறினாலும், வரி போடுற மதிப்பு வருஷத்துக்கு 5 சதவீதம் அல்லது பணவீக்கம், இதுல எது கம்மியோ அதுக்கு மேல ஏறக்கூடாது. ஆனா வீடு கை மாறினா, அடுத்த வருஷமே அந்த மதிப்பு மார்க்கெட் விலையில பாதிக்கு எகிறிடும். டெவலப்பர்ஸுக்குப் புரியிற மாதிரி சொன்னா, நீங்க லிஸ்டிங்ல பாக்கிறது பழைய கேஷ். பத்திரம் பதிவானதும் அது ரீசெட் ஆகுது.

கணக்கு போட்டுப் பாருங்க. 1,20,000ல பாதி 60,000. டெட்ராய்ட்ல சொந்த வீட்ல குடியிருக்கிறவங்களுக்கு வரி 1,000 டாலர் மதிப்புக்கு சுமார் 67 டாலர். அப்போ வருஷத்துக்கு 4,000 டாலர். 1,400 இல்ல. அதுவும் "நான் இங்கதான் குடியிருக்கேன்"னு ஃபார்ம் கொடுத்தாத்தான். கொடுக்கலன்னா, இல்ல வாடகைக்கு விட்டா, 67க்குப் பதிலா சுமார் 85. இதுக்கு மேல டெட்ராய்ட்வாசிகளுக்கு நகர வருமான வரி 2.4 சதவீதம் தனி. டியர்பார்ன்ல, கேன்டன்ல குடியிருந்தா அது கிடையாது. கார் இன்சூரன்ஸ் பத்திப் பேசினா அழுகை வரும், விட்டுடலாம்.

சரி, வீடு சீப்பா இருக்கிற ஊர்ல வரி ஏன் இவ்ளோ? ஆளே காலி பண்ணிட்டுப் போனதால. டெட்ராய்ட் நகரத்துல 1950ல 18 லட்சம் பேருக்கு மேல இருந்தாங்க. 2020ல 6.39 லட்சம். ஆனா ரோடு, பைப்லைன், தெருவிளக்கு, பென்ஷன் எல்லாம் 18 லட்சம் பேருக்குப் போட்டது. செலவு குறையல, பங்கு போட ஆள் குறைஞ்சுட்டாங்க. வரி ஏத்தினா இன்னும் நாலு பேர் கிளம்புவாங்க. 2013ல சுமார் 1,800 கோடி டாலர் கடனோட நகரம் திவால் மனு போட்டதுக்கு இதுவும் ஒரு காரணம்.

எனக்கு ரொம்ப உறுத்துற விஷயம் இனிமேதான். 2008 சரிவுல வீட்டு விலை பாதாளத்துக்குப் போச்சு. மாநில அரசியல் சாசனப்படி, வரிக்கான மதிப்பு சந்தை விலையில பாதியைத் தாண்டக்கூடாது. ஆனா நகரம் மதிப்பைச் சரியா குறைக்கவே இல்ல. நகரம் முழுக்க மறுமதிப்பீடு முடிஞ்சது 2017லதான். 2010ல இருந்து 2016 வரைக்கும் குறைஞ்சது 60 கோடி டாலர் அதிகமா வரி போட்டிருக்காங்கன்னு 'டெட்ராய்ட் நியூஸ்' பத்திரிகை 2020ல கணக்குப் போட்டுக் காட்டுச்சு.

அதிக வரி, கட்ட முடியல. அப்புறம்? 1999ல வந்த மாநில சட்டப்படி மூணு வருஷம் பாக்கி வெச்சா வீடு ஜப்தி. இங்கதான் கவுன்ட்டி உள்ள வருது. மதிப்பீடு பண்றது நகரம். பாக்கி வசூல் பண்ணி, ஜப்தி பண்ணி, ஏலம் விடுறது கவுன்ட்டி கருவூலம். வருஷத்துக்கு 18 சதவீதம் வரைக்கும் வட்டி, அந்த வட்டியும் கவுன்ட்டிக்கே. முதல் ரவுண்ட்ல விக்காத வீடு ரெண்டாவது ரவுண்ட்ல 500 டாலர்ல இருந்து ஏலம். "டெட்ராய்ட்ல ஐஃபோன் விலைக்கு வீடு"ன்னு யூட்யூப்ல பாத்திருப்பீங்களே, அதுல பல வீடு இப்படி வந்ததுதான். ஏழைகளுக்கு வரிவிலக்கு அப்பவும் சட்டத்துல இருந்துச்சு. அப்படி ஒண்ணு இருக்குன்னே பலருக்குத் தெரியாது.

ஏலத்துல கடனைவிட அதிகமா கெடச்சா மிச்சப் பணம் யாருக்கு? ரொம்ப நாள் கவுன்ட்டியே வெச்சுக்கிச்சு. பக்கத்து ஓக்லாண்ட் கவுன்ட்டில ஒருத்தர் பாக்கி வெச்சது 8 டாலர் 41 சென்ட். வட்டி, கட்டணம் சேத்து 285 டாலர் சொச்சம். வீட்டை 24,500 டாலருக்கு வித்துட்டு அவருக்கு ஒரு பைசா தரல. 2020ல மிஷிகன் உச்ச நீதிமன்றம் இது செல்லாதுன்னு சொல்லுச்சு. மினசோட்டாவோட ஹெனபின் கவுன்ட்டி வழக்குல 2023ல அமெரிக்க உச்ச நீதிமன்றமும் ஒருமனதா அதையே சொல்லுச்சு. மிச்சப் பணம் இனி வீட்டுக்காரருக்கு. ஆனா அவரே கேட்டு வாங்கணும், அதுக்கும் ஃபார்ம், அதுக்கும் கெடு தேதி.

இப்போ ஊர் மாறிட்டிருக்கு, அது உண்மை. பாழடைஞ்சு கிடந்த மிஷிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஃபோர்டு 2018ல வாங்கி 2024 ஜூன்ல திறந்தாங்க. 2023ல நகரத்தோட மக்கள்தொகை கொஞ்சம் ஏறியிருக்குன்னு சென்சஸ் மதிப்பீடு வந்துச்சு. 1957க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. வீட்டு விலையும் ஏறுது. ஆனா பாருங்க, பழைய ஆளுக்கு வரி வரம்பு காப்பாத்துது. புதுசா சின்ன வீடு வாங்குறவன் தலையில முழு வரியும் விழுது. நடுவுல, காலி மனையை வாங்கிப் போட்டுட்டு விலை ஏறட்டும்னு உக்காந்திருக்கிறவனுக்கு வரி சொற்பம். இதை மாத்த, கட்டடத்துக்குக் குறைச்சு நிலத்துக்குக் கூட்டுற வரியை அப்போதைய மேயர் மைக் டக்கன் 2023ல முன்வெச்சாரு. மாநில சட்டசபையில நகரல. எனக்கு அது நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. கூடவே இதையும் சொல்லணும், இந்த மாவட்டத்தோட சம்பளம் இன்னமும் கார் கம்பெனிகளை நம்பித்தான் நிறைய ஓடுது. அங்க ஆள் குறைச்சா வீட்டு மார்க்கெட்டுக்கும் ஜுரம் வரும்.

ஜூனியர் பதில் போட்டான்: "அண்ணா, அப்போ வேணாமா?" வேணாம்னு சொல்லல. ஷீட்ல 1,400ஐ அழிச்சு 4,000 போடு, மாசத் தவணை இன்னும் தாங்குதான்னு பாருன்னு சொன்னேன். பேங்க் முதல் வருஷம் பழைய வரியை வெச்சே பிடிச்சுட்டு, அடுத்த வருஷம் பாக்கியையும் சேத்துக் கேக்கும், அதையும் போடுன்னேன். ரெண்டு நாள் கழிச்சு ஷீட்டை அனுப்பினான். தாங்குது, மாசம் 90 டாலர் மிச்சத்துல. கார் இன்சூரன்ஸ் வரி மட்டும் காலியா இருந்துச்சு.