குச்சிக்குப் பூண் போடலாம், வாங்க!

பாட்டி வீட்டு உலக்கையை உத்துப் பார்த்திருக்கீங்களா? முனையில இரும்புப் பூண் மாட்டியிருப்பாங்க. அழகுக்கு இல்லை பாஸ், இடிக்கிற இடியில மரம் பிளந்துடக் கூடாதுன்னு! அந்தப் பூணோட ஸ்டைலான பேரன்தான், பூல் ஆடுற 'க்யூ'வில் மின்னுற உலோக வளையம்.

'நமக்கும் இந்த ஆட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?'னு கேக்காதீங்க. பூலுக்குப் பங்காளி முறையான ஸ்னூக்கர், 1875-ல் ஜபல்பூரில் பிறந்தது. அதுக்கு விதிமுறை எழுதினது 1882-ல், நம்ம ஊட்டி கிளப்பில்!

சொந்தமா க்யூ செய்யணும்னு ஆசையா? மாசக்கணக்கா இழைச்ச மரத்தை, அவசரமா வாங்கின ஒரு வளையம் கெடுத்துடும். உஷார்!

எடை பாருங்க

ஒரு பூல் க்யூ சுமார் 510-லிருந்து 595 கிராம் இருக்கும். 21 மி.மீ. விட்டம், 16 மி.மீ. துளை, 3 மி.மீ. அகலம் உள்ள வளையம், பித்தளைன்னா சுமார் 3.7 கிராம். அலுமினியம்னா 1.2 கிராம்தான். நாலு வளையம் போட்டா 10 கிராம் வித்தியாசம். நடுவுல இருக்கிற ஜாயின்ட் பக்கம்னா இது பெருசா தெரியாது. எல்லாத்தையும் அடிமுனையில ஏத்தினா பேலன்ஸ் பின்னால சாஞ்சிடும்.

எந்த உலோகம்?

பித்தளை: லேத்தில் வெண்ணெய் மாதிரி கடையலாம். ஆனா, புதுக்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு தினம் பஸ் ஏறுறவங்களுக்கு உப்புக்காத்தோட குணம் தெரியும். லாக்கர் பூசலேன்னா களிம்பு ஏறிடும்.

வெள்ளி: ராஜகளை! ஆனா கொலுசு கறுக்கிற மாதிரி இதுவும் கறுக்கும்.

ஜெர்மன் சில்வர்: பேர்ல மட்டும்தான் சில்வர். உள்ளே செம்பு, நிக்கல், துத்தநாகம். பார்க்க வெள்ளி, பர்ஸுக்கும் நல்லது.

அலுமினியம்: லேசு. ஆனா தேய்க்கும்போது வர்ற கறுப்புத் தூள், வெளுத்த மேப்பிள் மரத்துல அப்பிக்கும். முதல்ல மரத்துக்கு சீலர் அடிச்சிடுங்க.

ஒட்டுறதுலதான் விஷயம்

வளையத்தோட உள்பக்கத்தை உப்புத்தாளால சொரசொரப்பாக்கி, அசிட்டோனால எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சுட்டு, எபாக்சி வெச்சு ஒட்டணும். காய்ஞ்சதும் மரத்தோட சேர்த்து மெல்ல மெல்லக் கடையணும். வேகமா தேய்ச்சா உலோகம் சூடாகி எபாக்சி இளகிடும். அப்புறம் ஷாட் அடிக்கும்போதெல்லாம் 'கிடுகிடு' சத்தம்தான்! நல்லா உலராத மரமும் வேண்டாம். அது பின்னாடி சுருங்கும், உலோகம் அப்படியே நிக்கும். தடவினா விளிம்பு விரல்ல நெருடும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் பாலபுஷ்கான்னு ஒருத்தர் இருந்தார். 1975-ல் காலமானார். அவர் கையால செஞ்ச க்யூக்களை இன்னிக்கும் தேடித் தேடிச் சேர்க்கிறாங்க. 1986-ல் வந்த 'தி கலர் ஆஃப் மணி' படத்துல 'பாலபுஷ்கா'ன்னு காட்டினதுகூட வேற கம்பெனி க்யூதான். நிஜத்தை உடைச்சிடக் கூடாதேங்கற பயம்!

முத்தைக் கையில எடுத்து உருட்டிப் பார்த்து விலை சொன்ன கடற்கரை இது. வெறும் பளபளப்பைப் பார்த்து நாம ஏமாறலாமா மச்சி?