வாடைக்காலத்து வெட்சி

தொல்காப்பியர் கூறும் புறத்திணைகளுள் முதலாவதற்குப் பெயர் தந்த மலர் வெட்சி. போர் ஓய்ந்தபின், 2012இல் முல்லைத்தீவுக்கு மீண்ட யாம் முற்றத்தில் முதலில் நட்டதும் அதுவே. ஆண்டெல்லாம் பசுமை மாறாத அச்செடி, ஒரு மார்கழியில் கடல்நோக்கிய புறமெல்லாம் இலையோரங் கருகி நின்றது. பட்டுப்போயிற்றென்று எண்ணி வேரோடு பிடுங்கினேன். கிளையை முறித்தபோதோ, உள்ளே ஈரப்பசுமை!

வாடைக்காற்று அள்ளிவந்த உப்பு இலையைக் கருக்கிற்றேயன்றி உயிரைத் தொடவில்லை. இலைகளை நன்னீரால் கழுவி வந்திருப்பின் செடி தேறியிருக்கும்.

இளந்தளிர் மஞ்சளித்து நரம்பு மட்டும் பசுமையாய் நிற்பின், காரணம் வேறு. சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீர் தேங்கிய மண்ணிலும் வேர் இரும்புச்சத்தை ஏற்கமாட்டாது. அதற்கு வடிகாலும் இலைமட்கு எருவும் வேண்டும். மேனாடுகளில் பொக்ஸ்வூட் என்னும் வேலிச்செடிகள் பனிக்காலத்தில் செம்புநிறமெய்தி, வசந்தம் வரப் பெரும்பாலும் பசுமைக்கு மீள்கின்றன.

ஆதலின் அன்பர்காள், நிறம் திரிந்தமை கண்டே இறந்ததெனத் துணியற்க. நகத்தாற் பட்டையைச் சற்றே கீறிப் பார்க்க. உள்ளே பச்சை தெரியின், மாசி கழியுமட்டும் பொறுத்திருக்க. யான் பொறுத்திலேன், முற்றத்தில் அவ்விடம் இன்றும் வெறிதே கிடக்கின்றது.