இயந்திரத்தை நிறுத்தத் தெரிந்த தாதியர்

மனித உடலிலிருந்து குருதியை வெளியே எடுத்து, அதன் கூறுகளில் ஒன்றை மட்டும் பிரித்துக்கொண்டு, எஞ்சியவற்றை உடனுக்குடன் அதே உடலுக்குள் திருப்பிச் செலுத்தும் செயல்முறை அஃபெரிசிஸ் எனப்படுகிறது. பிரித்தெடுக்கப்படுவது நலமான கொடையாளர் ஒருவரின் குருதிச் சிறுதட்டுகளாக இருந்தால், அது இன்னொரு நோயாளருக்கு மருந்தாகிறது. நோயாளரின் சொந்த நரம்புகளையே தாக்கும் பிறபொருளெதிரிகள் கலந்த பிளாஸ்மாவாக, அதாவது குருதிக் கலங்கள் மிதக்கும் மஞ்சள் நிறத் திரவமாக இருந்தால், அது அகற்றி எறியப்பட வேண்டியதாகிறது. இரண்டுக்கும் பயன்படுவது ஏறக்குறைய ஒரே வகை இயந்திரம். இரண்டிலும் அதன் அருகில் ஒன்றரை முதல் மூன்று மணிநேரம் வரை அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் ஒரு தாதிய உத்தியோகத்தர். இயந்திரம் தானாகவே ஓடுவதால் அதற்கான பயிற்சியும் எளிதாகவே இருக்கும் என்று தோன்றலாம். ஆனால் இயந்திரத்தை ஓட்டுவதை ஒருவர் விரைவிலேயே கற்றுக்கொள்வார். எந்த அறிகுறி தென்பட்டால் வேகத்தைக் குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதைக் கற்கவே நீண்ட காலம் தேவைப்படுகிறது.

இச்செயல்முறையின் வரலாறு 1914 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே ஜோன் ஜேக்கப் ஏபெல் என்பவரும் அவரது குழுவினரும் நாய்களின் குருதியை எடுத்து, கலங்களைப் பிரித்துத் திருப்பிச் செலுத்தி, பிளாஸ்மாவை மட்டும் அகற்றிக் காட்டினர். அது தொடர்ந்து இயங்கும் இயந்திரமாக உருப்பெற்றதற்குப் பின்னால் ஒரு தந்தையின் தவிப்பு இருந்தது. ஐபிஎம் நிறுவனப் பொறியியலாளரான ஜோர்ஜ் ஜட்சனின் மகனுக்கு 1962 இல் வெண்குருதிப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தபோது, அவர் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் வைத்தியர் எமில் ஃபிரைரைக்குடன் இணைந்து, குருதியை நிறுத்தாமல் சுழற்றியபடியே கலங்களைப் பிரிக்கும் கருவியை உருவாக்கினார். இன்றைய இயந்திரங்கள் பலவும் அந்தக் கருவியின் வழிவந்தவை. அடிப்படைத் தத்துவம் அடர்த்தி வேறுபாடே: சுழலும் கிண்ணத்தில் கனமான செங்குழியங்கள் வெளிவிளிம்புக்கும், இலேசான பிளாஸ்மா உட்புறத்துக்கும் ஒதுங்க, இடையே மெல்லிய படையாக வெண்குழியங்களும் சிறுதட்டுகளும் நிற்கின்றன. எந்தப் படை வேண்டுமோ அதை மட்டும் ஒரு குழாய் உறிஞ்சிக்கொள்கிறது.

உடலை விட்டு வெளியேறிய குருதி பிளாஸ்டிக் குழாயைத் தொட்டதும் உறையத் தொடங்கும் என்பதால், அதனுடன் சிட்ரேட் கரைசல் தொடர்ந்து கலக்கப்படுகிறது. குருதி உறைவதற்குக் கல்சியம் தேவை. சிட்ரேட் அந்தக் கல்சியத்தைப் பற்றிப் பிடித்துக்கொள்ளும். குருதி திரும்பிச் செல்லும்போது சிட்ரேட்டும் உடலுக்குள் நுழைகிறது. ஈரல் அதை விரைவில் எரித்துவிட்டாலும், உள்ளே செல்லும் வேகம் ஈரலின் வேகத்தை மிஞ்சினால் உடலின் சுயாதீனக் கல்சியம், அதாவது எதனுடனும் பிணையாத கல்சியம், குறைந்துவிடுகிறது. முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் விறைப்பு, பிறகு தசை இழுப்பு, கவனிக்காமல் விட்டால் இதயத் துடிப்பின் ஒழுங்கே குலைதல் என்று அந்தப் பாதை செல்கிறது. முதற்கட்டத்தில் தீர்வு மிக எளிது: வேகத்தைக் குறைத்தல், கல்சிய மாத்திரை கொடுத்தல், தேவைப்பட்டால் வைத்தியரின் பணிப்பின் பேரில் நாளத்தினூடாகக் கல்சியம் செலுத்துதல். இயந்திரத்தின் திரை குழாயின் அழுத்தத்தையும் காற்றுக் குமிழியையும் கண்டுபிடிக்கும். உதட்டின் விறைப்பை அது அறியாது. அதை நோயாளரிடம் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

யாழ்ப்பாணத்துச் சூழலில் இந்தக் கேள்வி தோன்றும் அளவுக்கு எளிதன்று. வயதானவர்கள், தமக்காக இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்கும் தாதிக்கு மேலும் கரைச்சல் கொடுக்கக் கூடாது என்று எண்ணி, “ஒண்டுமில்லை மிஸி” என்று சொல்லிவிடுவது வழக்கம். ஆகவே “ஏதாவது செய்கிறதா?” என்று பொதுவாகக் கேட்காமல், “வாயைச் சுற்றி விறைக்கிற மாதிரி, எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறதா?” என்று குறித்த இடைவெளிகளில் திரும்பத் திரும்பக் கேட்பதே பயிற்சியின் முதற் பாடமாக இருக்க வேண்டும். செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் நோயாளரால் பதில் சொல்லவும் முடியாது; அங்கே கல்சிய அளவையும் இதய மின்வரைபையும் பார்த்தே தாதி முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்த பாடம் கணக்கு. வளர்ந்த ஆண் ஒருவரின் குருதி, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் எனக் கொண்டால், 60 கிலோகிராம் நிறையுள்ளவரிடம் சுமார் 4.2 லீற்றர் குருதி இருக்கும். அதில் செங்குழியங்கள் 40 வீதமாயின் பிளாஸ்மா ஏறக்குறைய 2.5 லீற்றர். இந்த 2.5 லீற்றரை அகற்றி அதே அளவு அல்புமின் என்னும் புரதக் கரைசலால் ஈடுசெய்தால் பழைய பிளாஸ்மா முழுவதும் போய்விடும் என்றே புதியவர்கள் நினைப்பார்கள். உவர்நீர் நிறைந்த தொட்டியிலிருந்து ஒவ்வொரு வாளியாக அள்ளி, ஒவ்வொரு முறையும் ஒரு வாளி நன்னீர் ஊற்றிக்கொண்டே போனால், அள்ளப்படும் நீரிலும் புதிதாக ஊற்றிய நீர் கலந்தே வருவதைப் போல, ஒரு முழுப் பிளாஸ்மா அளவை மாற்றும்போது நீங்குவது சுமார் 63 வீதம் மட்டுமே. ஒன்றரை மடங்கு மாற்றினால் ஏறத்தாழ 78 வீதம், இரு மடங்கு மாற்றினாலும் 86 வீதமே. மேலும், நோயை உண்டாக்கும் பிறபொருளெதிரிகளில் பெரும்பங்கு குருதிக்கு வெளியே இழையங்களில் தங்கியிருந்து, அடுத்த ஒன்றிரண்டு நாட்களில் குருதிக்குத் திரும்புகிறது. ஒரே நாளில் எல்லாவற்றையும் முடிக்காமல், ஒருநாள் விட்டு ஒருநாள் என ஐந்து முறை வரை செய்வதற்கான காரணம் இதுவே. அல்புமினில் உறைதற் புரதங்கள் இல்லாமையால், அவற்றை உடல் மீண்டும் உருவாக்கிக்கொள்ளவும் அந்த இடைநாள் உதவுகிறது.

இக்கணக்கை இயந்திரமே போட்டுவிடும். ஆயினும் பயிற்சி பெறுபவர் அதைக் கையால் போட்டுப் பார்த்திருந்தால்தான், யாரோ நிறையைத் தவறாகப் பதிந்ததால் திரையில் தோன்றும் பொருத்தமற்ற எண்ணைக் கண்டதும் சந்தேகப்படுவார். சிறுவர்களிடத்தில் இது உயிர்க்கணக்கு. 20 கிலோகிராம் நிறையுள்ள குழந்தையிடம் இருப்பது ஒன்றரை லீற்றர் அளவு குருதியே. குழாய்களிலும் கிண்ணத்திலுமாக உடலுக்கு வெளியே நிற்கும் குருதி மொத்தத்தின் 15 வீதத்தைத் தாண்டக் கூடாது என்னும் பொது விதி, அக்குழந்தையிடம் தொடங்கும்போதே எட்டப்பட்டுவிடலாம். அப்படியாயின் குழாய்களை முன்கூட்டியே செங்குழியங்களால் நிரப்ப வேண்டியிருக்கும்.

கணக்குக்கு அப்பால் மருந்துப் பட்டியலை வாசிக்கும் பழக்கமும் தேவை. உயர் குருதியமுக்கத்துக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் எனலாப்பிரில் போன்ற மருந்துகளை எடுத்துக்கொண்டவருக்கு அல்புமினைக் கொண்டு பிளாஸ்மா மாற்றினால், குருதியமுக்கம் திடீரென வீழக்கூடும். எனவே ஒரு நாள் முன்பே அவற்றை நிறுத்தும்படி வைத்தியருக்கு நினைவூட்டுவது தாதியின் பொறுப்பாகிறது. காலையில் செலுத்தப்பட்ட மருந்து பிளாஸ்மாவோடு சேர்ந்து கழிவுப் பைக்குள் போய்விடலாம் என்பதால், அன்றைய மருந்துகள் இயலுமானவரை சிகிச்சைக்குப் பின்னரே கொடுக்கப்படுகின்றன. பரிசோதனைக்கான குருதியோ சிகிச்சைக்கு முன்னரே எடுக்கப்பட வேண்டும். உறைநிலைப் பிளாஸ்மாவை ஈடாகக் கொடுக்கும்போது அதிலேயே சிட்ரேட் இருப்பதால் முன்சொன்ன கல்சியக் குறைவின் அபாயம் மேலும் கூடும். இவற்றை மனனம் செய்விப்பதால் பயன் குறைவு. காரணம் விளங்கியவருக்கே புதிய சூழலில் கை தயங்காது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியிலுள்ள சண்டிலிப்பாயிலிருந்து காரைநகர் வீதி வழியே மானிப்பாயைக் கடந்து சுமார் 10 கிலோமீற்றர் சென்றால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை வரும். கால்களில் தொடங்கி மேல்நோக்கி ஏறிச் சுவாசத் தசைகளையும் தளர்த்தக்கூடிய கில்லன் பாரே நோய் போன்றவற்றுக்கு வலிகாமத்து மக்கள் நாடிச் செல்வது அங்கேதான். இந்நோய் உலகெங்கும் ஆண்டுக்கு ஓர் இலட்சம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு வருகிறது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறக்குறைய 584,000 பேர் வாழ்ந்தனர். அந்த வீதத்தை இதற்குப் பொருத்திப் பார்த்தால் ஆண்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு நோயாளர் வரை எதிர்பார்க்கலாம். அவர்களில் சிலருக்குப் பிளாஸ்மா மாற்றுக்குப் பதிலாக இம்யூனோகுளோபுலின் மருந்து கொடுக்கப்படும், சிலருக்கு எதுவுமே தேவைப்படாது. குடாநாட்டின் உண்மையான இடர்ப்பாடு இந்த அரிதான தன்மையே. பயிற்சி பெற்றவருக்கும் மாதக்கணக்கில் செய்து பார்க்க வாய்ப்பு வராமல் போகலாம். வாய்ப்பு வரும் வேளையில் அவர் இடமாற்றம் பெற்று வேறு மாவட்டத்துக்குச் சென்றிருக்கவும் கூடும். அரச சேவையின் இடமாற்ற முறை நியாயமான காரணங்களுக்காக உருவானதுதான். ஆனால் இத்தகைய சிறப்புத் திறனை அது எளிதில் கரைத்துவிடுகிறது. பலருக்கு ஒருநாள் பயிற்சிப் பட்டறை நடத்திச் சான்றிதழ் வழங்குவதைவிட, நால்வரைத் தெரிந்தெடுத்துச் சில ஆண்டுகள் ஒரே பிரிவில் வைத்திருப்பது மேலானது.

கை மறவாமல் இருப்பதற்கு ஒரு வழி, கொடையாளரிடமிருந்து சிறுதட்டுகளைச் சேகரிக்கும் பணி. சாதாரணக் கொடையில் கிடைக்கும் ஒரு பை குருதியிலிருந்து வருவதைப் போல நான்கு முதல் ஆறு மடங்கு சிறுதட்டுகளை, அஃபெரிசிஸ் மூலம் ஒரே கொடையாளரிடமிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணிநேரத்தில் பெறலாம். நாளம் தேடுதல், சிட்ரேட் விறைப்பை அடையாளம் காணுதல், எச்சரிக்கை ஒலிகளுக்குப் பதறாமல் காரணம் தேடுதல் ஆகிய யாவற்றையும் பேசக்கூடிய, நலமான ஒருவரிடம் பழகிய பின் நோயாளரிடம் செல்வது இயல்பான வரிசை. அதற்காகக் கொடையாளர் பயிற்சிப் பொருள் ஆகிவிடலாகாது. பலன் எதுவும் பெறாமல் வரும் அவரிடத்தில் சிறு தவறுக்கும் மன்னிப்பு குறைவு. இலங்கைத் தேசிய குருதி மாற்றுச் சேவை 2014 ஆம் ஆண்டில் முழுவதும் தன்னார்வக் கொடை என்னும் நிலையை எட்டியது. தாமாக முன்வரும் கொடையாளரின் நம்பிக்கை, ஊசி குத்தும் கையின் நேர்த்தியையும் சார்ந்தது. சிறுதட்டுகளை ஐந்து நாட்களே சேமித்து வைக்க முடியும் என்பதையும், கொழும்பு நாரஹேன்பிட்டியில் உள்ள மத்திய நிலையம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தொலைவில் இருப்பதையும் எண்ணினால், தெல்லிப்பளையில், 2011 ஆம் ஆண்டில் நடந்த நடைபயணம் ஒன்றில் திரட்டிய நிதியால் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலையின் நோயாளருக்கு உள்ளூர்ச் சேகரிப்பு எவ்வளவு பயன்தரும் என்பது விளங்கும்.

மாரிகாலத்தில் டெங்கு பரவும்போது சிறுதட்டுகளின் எண்ணிக்கை குறைந்துவிட்டதென்று உறவினர்கள் கொடையாளரைத் தேடி அலைவதை இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. டெங்கில் பேராபத்து குருதிக் கலன்களிலிருந்து திரவம் கசிவதே. இரத்தப்பெருக்கு இல்லாதவருக்கு முன்கூட்டியே சிறுதட்டு ஏற்றுவதால் பயனில்லை என்பதைச் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017 இல் வெளியான ஆய்வு காட்டியது. கேட்டு வரும் குடும்பத்துக்கு இதைப் பொறுமையாக விளக்குவதும் பயிற்சியில் இடம்பெறத் தக்கது.

மருத்துவக் கல்வியில் இப்பகுதிக்குப் பழைய மரபொன்று உண்டு. சண்டிலிப்பாய்க்கு அயலூரான மானிப்பாயில், அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1848 முதல் மருத்துவம் கற்பித்தார். பின்னர் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கி, உடற்கூற்றியல் நூலான மனுஷ அங்காதிபாதத்தை 1872 இல் தமிழில் வெளியிட்டார். இன்றைய தாதியர் கல்வியில் ஆங்கிலமும் இடம்பெற்றாலும், இயந்திரத்தின் செயல்முறைக் குறிப்பேட்டை ஆங்கிலத்திலும் நோயாளரிடம் கேட்கும் கேள்விகளையும் ஒப்புதல் விளக்கத்தையும் தமிழிலும் ஒருங்கே பயிற்றுவிப்பது, கிறீன் தொடங்கிய வேலையின் தொடர்ச்சியாகவே அமையும்.

இயந்திரமே இல்லாத இடங்களில் என்ன செய்வது என்னும் கேள்விக்கு டாக்காவிலிருந்து ஒரு விடை வந்திருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர்கள் கில்லன் பாரே நோயாளர் 20 பேரிடம், குருதியைப் பையில் எடுத்துத் தொங்கவிட்டு, செங்குழியங்கள் புவியீர்ப்பால் தாமாகவே அடியில் படிந்த பின், மேலே நிற்கும் பிளாஸ்மாவை அகற்றி, கலங்களைத் திருப்பிச் செலுத்தும் முறையைப் பல நாட்கள் தொடர்ந்து செய்து, அது பாதுகாப்பாகச் செய்யக்கூடியதே என 2018 இல் அறிவித்தனர். பெரிய அளவிலான ஒப்பீட்டு ஆய்வு இல்லாமல் இதை மாற்றுவழியாக ஏற்க முடியாது. மேலும், அந்தப் பையைக் கண்காணிக்கும் தாதிக்கு எச்சரிக்கை ஒலியும் இல்லை, திரையும் இல்லை. எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு ஈடுசெய்தோம் என்பதை அவரே தாளில் குறித்துக்கொண்டு, குருதியமுக்கத்தைத் தாமே அளந்து, போதுமென்றபோது நிறுத்த வேண்டியிருக்கிறது.