நியூட்ரலில் விட்டுப் போகாதீர்கள்: கியர் காரைப் பத்திரமாக நிறுத்துவது எப்படி?

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதிகளில் பள்ளிவாசல் இருக்கும் தெருக்களில் கார் நிறுத்த இடம் கிடைப்பது சிரமம். முதலில் வந்தவர்கள் ஓரமாக நிறுத்திவிடுகிறார்கள். தாமதமாக வருபவர்கள் அந்தக் கார்களுக்குக் குறுக்கே நிறுத்தி, கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக்கையும் எடுத்துவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு தொழுகைக்கு ஓடுகிறார்கள். "யாருக்காவது அவசரம் என்றால் தள்ளிக்கொள்ளட்டும்" என்பதே எண்ணம். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்திலும் இதே வழக்கம் உண்டு.

எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தக் காரை எதுவுமே பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரே ஆள் தள்ளி நகர்த்தக்கூடிய வண்டியைத் தரையின் சாய்வும் நகர்த்தும். நகரத் தொடங்கினால் நிறுத்த உள்ளே ஆள் இல்லை. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள கார் நடை வேகத்தில் வந்தாலும், சுவருக்கும் அதற்கும் இடையே மாட்டிக்கொள்ளும் குழந்தையின் நிலை என்னவாகும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

சட்டமும் இதைப் பற்றித் தெளிவாகப் பேசுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 126-இன்படி பொது இடத்தில் நிற்கும் வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உரிமம் பெற்ற ஒருவர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு வழியிலோ வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். நியூட்ரலில் விட்டுப் போவது இதற்கு நேர் எதிரானது.

சமதளம் என்று நாம் நினைப்பது

"சென்னை சமதளம்தானே, வண்டி எங்கே உருளப் போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. நம் தெருக்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். தார்ச்சாலை மழைநீர் வழிவதற்காக நடுவில் உயர்ந்தும் ஓரங்களில் தாழ்ந்தும் இருக்கும். சாலையை மேலே மேலே போட்டு உயர்த்தியதில் பல வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. அவற்றின் வாசலில் வண்டி இறங்கச் சரிவு போட்டிருக்கிறார்கள். வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்திக் கட்டிய வீடுகளில் ஏறுவதற்குச் சரிவு. அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்திலும் கழுவிவிடும் தண்ணீர் ஓட வாட்டம் வைத்திருப்பார்கள்.

ஒரு மீட்டருக்கு 2 செ.மீ. சரிவு கண்ணுக்கு எளிதில் தெரியாது. ஆனால் 900 கிலோ எடையுள்ள காரை அந்தச் சரிவு சுமார் 18 கிலோ விசையோடு இழுக்கும். டயரில் காற்று சரியாக இருக்கும் கார் நியூட்ரலில் உருள இதுவே போதும். ஒரு மீட்டருக்கு 10 செ.மீ. என்ற சரிவில் கார் பிடியில்லாமல் 10 மீட்டர் உருண்டால் மணிக்கு ஏறத்தாழ 15 கி.மீ. வேகத்தை எட்டிவிடும்.

பிடிப்பு இரண்டு வேண்டும்

நிறுத்திய காரைப் பிடித்து வைக்க இரண்டு வழிகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்தால்தான் பாதுகாப்பு.

முதலாவது ஹேண்ட் பிரேக். பெரும்பாலான கார்களில் இது கேபிள் வழியாகப் பின் சக்கரங்களின் பிரேக்கை இறுக்குகிறது. நாளாக நாளாகக் கேபிள் தளரும், பிரேக் ஷூ தேயும். அப்போது லிவர் மேலே வந்திருந்தாலும் பிடிப்பு குறைவாகவே இருக்கும். இழுக்கும்போது கேட்கும் 'கிளிக்' சத்தத்தை எண்ணிப் பாருங்கள். எத்தனை கிளிக்கில் பிடிக்க வேண்டும் என்று வண்டியோடு தந்த கையேட்டில் இருக்கும். முன்பைவிடக் கூடியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டது.

இரண்டாவது கியர். இன்ஜின் அணைந்த நிலையில் கியர் போட்டிருந்தால், சக்கரம் சுழல வேண்டுமானால் இன்ஜினையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். சிலிண்டருக்குள் இருக்கும் காற்று அழுத்தம் அதைத் தடுக்கிறது. முதல் கியரிலும் ரிவர்ஸிலும்தான் இந்தத் தடை மிக அதிகம். நான்காவது, ஐந்தாவது கியரில் மிகக் குறைவு. ஆனால் சிலிண்டரில் காற்று மெல்லக் கசியும் என்பதால், நல்ல சரிவில் கியரை மட்டும் நம்பி விட்ட வண்டி சிறிது சிறிதாக நகர்ந்துவிடக்கூடும்.

ஒன்று தளர்ந்தாலும் மற்றொன்று பிடிக்க வேண்டும். இரண்டையும் போடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

வரிசையாகச் செய்ய வேண்டியவை

1. பிரேக் பெடலை மிதித்து வண்டியை நிறுத்துங்கள். கிளட்ச்சை மிதித்து கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள்.

2. பெடலிலிருந்து காலை எடுக்காமல் ஹேண்ட் பிரேக்கை நன்றாக மேலே இழுங்கள்.

3. இப்போது பிரேக் பெடலை மெதுவாக விடுங்கள். வண்டி இலேசாக அசைந்து நின்றுவிட்டால் ஹேண்ட் பிரேக் பிடித்திருக்கிறது என்று பொருள். தொடர்ந்து உருண்டால் உடனே பெடலை மிதியுங்கள். அந்த வண்டியைச் சரிவில் விட்டுப் போகக் கூடாது.

4. மீண்டும் பெடலை மிதித்து இன்ஜினை அணையுங்கள்.

5. கிளட்ச்சை மிதித்து கியர் போடுங்கள். வண்டியின் முகம் மேட்டைப் பார்த்தால் முதல் கியர். பள்ளத்தைப் பார்த்தால் ரிவர்ஸ். சமதளத்தில் இரண்டில் எதுவானாலும் சரி. பிறகு கிளட்ச்சையும், கடைசியாக பிரேக்கையும் விடுங்கள்.

மேட்டுக்கு முதல் கியர், பள்ளத்துக்கு ரிவர்ஸ் என்பதற்கு இன்னொரு பயனும் உண்டு. யாராவது தவறுதலாகச் சாவியைத் திருப்பிவிட்டாலும் வண்டி மேட்டை நோக்கித்தான் இழுக்கும், பள்ளத்தில் பாயாது.

மூன்றாவது படியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதைச் செய்யாமல் கியர் போட்டால் வண்டியின் பாரம் முழுவதும் கியரில் போய் உட்காரும். ஹேண்ட் பிரேக் உண்மையில் பிடிக்கிறதா என்பதும் தெரியாது.

சக்கரத்தைத் திருப்பி வையுங்கள்

சரிவில் நிறுத்தும்போது, இன்ஜினை அணைக்கும் முன்பே முன் சக்கரங்களைத் திருப்பிவிட வேண்டும். நாம் சாலையின் இடது ஓரத்தில் நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம். முகம் பள்ளத்தைப் பார்த்தால் சக்கரத்தை இடதுபுறம், ஓரத்தை நோக்கித் திருப்புங்கள். முகம் மேட்டைப் பார்த்து, ஓரத்தில் நடைமேடைக் கல்லும் இருந்தால் வலதுபுறம் திருப்புங்கள். வண்டி பின்னால் வந்தால் டயர் கல்லில் முட்டி நின்றுவிடும். கல் இல்லாத ஓரமாக இருந்தால் மேட்டிலும் இடதுபுறமே திருப்ப வேண்டும். அப்போது வண்டி உருண்டாலும் நடுச்சாலைக்கு வராமல் ஓரத்துக்கே ஒதுங்கும்.

லோடு வண்டி ஓட்டுபவர்களுக்கு

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் கடைத்தெருக்களிலும் சிறிய லோடு வண்டி ஓட்டிப் பிழைக்கும் சகோதரர்கள் நம்மில் பலர். காலி வண்டியைப் பிடித்த ஹேண்ட் பிரேக், பாரம் ஏறியபின் பிடிக்காமல் போகலாம். சரக்கு ஏற்றும்போதும் இறக்கும்போதும் கியர், ஹேண்ட் பிரேக் இரண்டோடு, வண்டி உருளக்கூடிய பக்கத்தில் சக்கரத்துக்குக் கட்டையும் முட்டுக் கொடுங்கள். பின்னால் நின்று சுமை இறக்குபவரின் உயிர் அந்தக் கட்டையில் இருக்கலாம்.

கல்லை முட்டுக் கொடுப்பவர்கள் புறப்படும்போது அதை மறக்காமல் எடுத்து ஓரத்தில் போட வேண்டும். இரவில் பைக்கில் வருபவர் அந்தக் கல்லில் மோதி விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதன் சிறப்பு நாம் அறிந்ததே.

மீண்டும் எடுக்கும்போது

கியரில் நிற்கும் வண்டியைக் கிளட்ச் மிதிக்காமல் ஸ்டார்ட் செய்தால் அது குதித்து ஓடும். கிளட்ச் மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்ற அமைப்பு பல புதிய கார்களில் இருக்கிறது; பழைய கார்கள் பலவற்றில் இல்லை. எனவே இருக்கையில் முழுவதும் அமர்ந்து, கிளட்ச்சையும் பிரேக்கையும் மிதித்து, கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்த பிறகே சாவியைத் திருப்புங்கள். ஏ.சி. போடுவதற்காக வெளியே நின்றபடியே கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பும் பழக்கம் மிக ஆபத்தானது.

ஏறுவதற்கு முன் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். வாசலில் விளையாடும் சிறு குழந்தை பின்கண்ணாடியில் தெரியாது. வண்டிக்குள் குழந்தையைத் தனியே விட்டுக் கடைக்குப் போகாதீர்கள். உள்ளே வெப்பம் வேகமாக ஏறும் என்பது ஒரு காரணம். ஹேண்ட் பிரேக்கையும் கியரையும் விளையாட்டாக அசைத்துவிடுவார்கள் என்பது மற்றொன்று. வீட்டிலும் கார் சாவி குழந்தைகளின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும்.

இறங்கும்போது வலதுபுறக் கதவை இடது கையால் திறந்து பழகுங்கள். உடல் தானாகத் திரும்பும், பின்னால் வரும் இருசக்கர வண்டி கண்ணில் படும்.

மழைக்காலமும் மேம்பாலமும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் கார்கள் வெள்ளத்தில் மிதந்து சென்றதை அனைவரும் பார்த்தோம். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நம் பகுதியிலும் தாழ்வான தெருக்களில் இருப்பவர்கள் உயரமான இடம் தேடுவது வழக்கமாகி வருகிறது.

மேம்பாலத்தின் ஏற்றம் முழுவதும் சரிவு. ஒரு கார் உருண்டால் வரிசையில் அடுத்து நிற்கும் கார்களில் மோதும். அங்கே கியர், ஹேண்ட் பிரேக், திருப்பிய சக்கரம் மூன்றும் கட்டாயம். வளைவிலும் உச்சியிலும் நிறுத்தாதீர்கள். ஒரே ஓரமாக நிறுத்தி ஆம்புலன்ஸ் போக வழி விடுங்கள். காவல்துறை எடுக்கச் சொன்னால் எடுத்துவிட வேண்டும். மழை நின்றதும் தாமதிக்காமல் வண்டியைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

நனைந்த பிரேக்கோடு பல நாள் நிற்கும் வண்டியில் ஷூ துருப்பிடித்து டிரம்மோடு ஒட்டிக்கொள்வதுண்டு. எனவே ஊருக்குப் போகும்போது வீட்டில் நல்ல சமதளத்தில் நாட்கணக்கில் நிற்கப்போகும் வண்டிக்கு மட்டும் ஹேண்ட் பிரேக்குக்குப் பதிலாகக் கியரும், சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டையும் வைக்கலாம். சரிவில் நிற்கும் வண்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. ஒட்டிக்கொண்ட பிரேக்கை ஆக்ஸிலேட்டரை அழுத்தி விடுவிக்க முயலாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

ஜும்ஆ நேரத்துக்கு மாற்று என்ன?

குறுக்கே நிறுத்தாமல் இருப்பதே முதல் தீர்வு. பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்பி, சற்றுத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வரலாம். ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரு காரில் சேர்ந்து வரலாம். அப்படியும் பிறர் வண்டியை மறித்து நிறுத்த நேர்ந்தால், கியரும் ஹேண்ட் பிரேக்கும் போட்டு, கைப்பேசி எண்ணைத் தெளிவாக எழுதிக் கண்ணாடிக்குள் வைத்துவிட்டு, வாசலுக்கு அருகே தொழுது, முதலில் வெளியே வாருங்கள். எண்ணை வெளியே எழுதத் தயங்கும் பெண்கள் குடியிருப்பின் காவலாளியிடமோ பக்கத்துக் கடையிலோ சொல்லி வைக்கலாம். ஜமாஅத் நிர்வாகம் இரண்டு இளைஞர்களை வாசலில் நிறுத்தி, வண்டிகளை வரிசைப்படுத்தி, மறித்து நிற்கும் கார்களின் சாவியைப் பொறுப்பாக வாங்கி வைத்தாலே தெருவின் நெரிசல் பாதி தீரும்.

எவ்வளவு அவசரமானாலும் மருத்துவமனை வாசல், பள்ளிக்கூட வாசல், பேருந்து நிறுத்தம், நடைபாதை ஆகிய இடங்களில் நிறுத்தக் கூடாது. தெருவுக்குள் ஒரு ஆம்புலன்ஸ் வந்து போகும் அகலம் எப்போதும் திறந்திருக்க வேண்டும். அது யாருடைய வீட்டுக்கு வரும் என்பது நமக்குத் தெரியாது.

உருளும் வண்டியைக் கண்டால்

முன்னாலோ பின்னாலோ போய் நின்று கையால் தடுக்க முயலாதீர்கள். சத்தம் போட்டு ஆட்களை விலகச் சொல்லுங்கள். நசுங்கிய பம்பரைச் சரிசெய்துகொள்ளலாம், மனிதரை அப்படிச் செய்ய முடியாது. வண்டிக்குள் நீங்கள் இருந்தால் பிரேக் பெடலை முழு பலத்தோடு மிதியுங்கள். இன்ஜின் அணைந்திருந்தால் பெடல் கடினமாக இருக்கும், விடாமல் அழுத்துங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை இழுங்கள்.

இவை அனைத்தையும் செய்ய அரை நிமிடம் கூட ஆகாது. காரை விட்டு நகரும் முன் மனதுக்குள் மூன்றே கேள்விகள்: ஹேண்ட் பிரேக் பிடித்ததா? கியர் விழுந்ததா? சக்கரம் திரும்பியிருக்கிறதா? வரும் வெள்ளிக்கிழமையிலிருந்தே இதை வழக்கமாக்கிக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ். வீட்டில் புதிதாக ஓட்டக் கற்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.