புதினா: இலையும் தைலமும்

புதினாத் துவையலுக்கு அஞ்சுவார் இலர், அஞ்சவும் வேண்டுவதில்லை. உணவில் சேரும் அளவில் அவ்விலை தீங்கற்றது. ஆயினும், "மூலிகைதானே, எவ்வளவு உட்கொண்டால் என்ன?" என்று வினவும் அங்கத்தினர்களுக்குச் சில சொல்ல விரும்புகிறோம்.

நம் பாத்திகளில் வளரும் புதினாவின் மணத்துக்குக் காரணம் கார்வோன் என்னும் பொருள். உத்தரப் பிரதேசத்தில் தைலத்துக்காகப் பயிராகும் இனத்திலோ மென்தாலே மிகுதி. பென்னிராயல் என்ற மேல்நாட்டுப் புதினா இனத்தில் இருப்பது புலிகோன். உடலுள் சென்றால் கல்லீரலையே அழிக்க வல்லது. 1978இல் அமெரிக்காவின் கொலராடோவில், கருவைக் கலைக்க எண்ணி அத்தைலத்தைச் சுமார் 30 மில்லி குடித்த இளம்பெண் ஒருத்தி சில நாட்களில் மாண்டாள். ஆகவே, புதினாத் தைலம் என்று சீசாவில் கண்டால், எந்தப் புதினா என்று கேட்டே வாங்குக.

நம் புதினாவும் வெறும் மணப்பொருள் அன்று. துருக்கியில் எலிகளுக்கு 30 நாள் அதன் கஷாயத்தைக் கொடுத்தபோது சிறுநீரகத் திசுக்களில் மாறுதல் கண்டனர். அந்நாட்டிலேயே 2007இல் வெளியான ஆய்வொன்றில், முகத்தில் மிகுதியாக மயிர் வளரும் குறையுடைய 21 பெண்கள் நாளுக்கு இரு கோப்பை வீதம் 5 நாள் அருந்தினர். அதற்குள்ளாகவே அவர்கள் இரத்தத்தில் ஆண்மைச் சுரப்பு குறைந்தது. அவர்களுக்கு அது நன்மையே. கருவுற்றோரும் சிறுநீரக நோயுடையோரும் மட்டும், கஷாயமாக நாள்தோறும் அருந்துமுன் மருத்துவரைக் கேட்க வேண்டுகிறோம்.

மென்தால் கலந்த தைலத்தைச் சிசுக்களின் மூக்கருகே தடவுவது அறவே கூடாது, மூச்சுத் தடைப்படக்கூடும்.