பழைய காரை விற்கும்போதும் கணக்குப் பார்ப்போம்

மூட்டைக்குப் பத்து ரூபாய் குறைப்பதற்காக மண்டியில் அரைமணி நேரம் பேரம் பேசும் வணிகர்களில் பலர், பழைய காரைத் தள்ளிவிடும்போது மட்டும் முதலில் வந்து கேட்டவரிடம் சாவியைக் கொடுத்துவிடுகின்றனர். "போனால் போகட்டும், நிறுத்த இடம் மிச்சம்" என்பது அவர்கள் சொல்லும் காரணம். இதில் பணமும் போகிறது. சில வேளைகளில் அதைவிடப் பெரிய சுமை தலையில் தங்கிவிடுகிறது. எனவே இதையும் ஒரு வியாபாரமாகவே கருதிச் செய்ய வேண்டும்.

விலையை அறிதல்

ஒரே விலையை நம்பக் கூடாது. பழைய கார் வியாபாரி, புதுக் கார் விற்கும் ஷோரூம், நேரடியாக வாங்குபவர் என மூன்று இடங்களில் விலை கேட்க வேண்டும். பொதுவாக நேரடி விற்பனையில் விலை கூடும், அலைச்சலும் கூடும். கார் எந்த ஆண்டு மாடல் என்பதை வைத்தே விலை பேசப்படுவதால், ஜனவரி பிறந்துவிட்டால் வண்டிக்கு ஒரு வயது ஏறிவிடும். விற்பதென முடிவு செய்தால் அதற்கு முன்பே விற்றுவிடுவது நல்லது.

காரை நன்றாகக் கழுவி, எரியாத விளக்கு, ஓடாத வைப்பர் போன்ற சில்லறைப் பழுதுகளைச் சரிசெய்தால் போதும். விற்பதற்காக முழு பெயிண்ட் அடிப்பது வீண் செலவு. விபத்தை மறைக்கிறாரோ என்ற சந்தேகத்தையும் அது கிளப்பும். சர்வீஸ் பில்களை ஒரு கோப்பில் சேர்த்து வைத்திருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

எக்ஸ்சேஞ்சில் கொடுப்பதானால், பழைய காரின் விலையையும் புதுக் காருக்கான தள்ளுபடியையும் தனித்தனியே எழுதித் தரச் சொல்ல வேண்டும். இரண்டையும் கலந்து சொன்னால், ஒரு பக்கம் கொடுத்ததை மறுபக்கம் எடுத்துக்கொள்வது தெரியாமல் போகும்.

பெயர் மாற்றமே முக்கியம்

பணம் கைக்கு வந்ததும் விற்பனை முடிந்துவிட்டதென எண்ணக் கூடாது. ஆர்.சி. புத்தகத்தில் யார் பெயர் உள்ளதோ, சட்டத்தின் பார்வையில் அவரே உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பை நாம் மறக்கக் கூடாது. அந்தக் கார் ஒருவர் மாற்றி ஒருவராகப் பல கை மாறிய பிறகு விபத்து நேர்ந்தது. ஆயினும் பதிவேட்டில் பெயர் மாற்றப்படாததால், பதிவு பெற்ற முதல் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு எனத் தீர்ப்பாயிற்று. இன்சூரன்ஸ் காலாவதியான நிலையில் இப்படி நேர்ந்தால், கடையின் முதலே கரைந்துவிடும்.

எனவே படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்திட்டு, விற்ற 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேதி போடாத வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுத் தருவது, வெற்றுக் காசோலை தருவதற்குச் சமம். கடன் முடிந்திருந்தால் படிவம் 35 கொடுத்து, ஆர்.சி.யில் உள்ள வங்கியின் பெயரை முதலில் நீக்கிவிட வேண்டும். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய கார் வியாபாரியிடம் விற்பவர்கள் படிவம் 29சி மூலம் தெரிவித்தால், அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். அங்கீகாரம் உள்ளவரா எனக் கேட்டு அறிந்து கொடுப்பது பாதுகாப்பு.

கடைக் கணக்கில் உள்ள கார்

ஜி.எஸ்.டி. பதிவு பெற்ற நிறுவனத்தின் பெயரில் கார் இருந்து, தேய்மானமும் கழித்து வந்திருந்தால், விற்ற விலைக்கும் தேய்மானம் போக நின்ற மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்துக்கு மட்டுமே வரி. 2025 ஜனவரி முதல் இது 18 சதவீதம். புத்தக மதிப்பு 2,50,000 ரூபாய், விற்ற விலை 3,00,000 ரூபாய் என்றால், 50,000 ரூபாய்க்கு 9,000 ரூபாய் வரி. 2,50,000 அல்லது அதற்குக் குறைந்த விலைக்கு விற்றால் வரி இல்லை. வாங்கும்போது உள்ளீட்டு வரி வரவு எடுத்த வண்டிகளுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. ஆடிட்டரைக் கலந்துகொள்ள வேண்டும்.

ஓட முடியாத கார்

காயலான் கடையில் எடைக்குப் போட்டால் பதிவு நம் பெயரிலேயே கிடக்கும். எண்ணும் சேஸிஸ் தகடும் தவறான கைக்குப் போகலாம். 2021-இல் வந்த மத்திய விதிகளின்படி பதிவு பெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் வைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கினால் பதிவுக் கட்டணம் இல்லை. வாகன வரியிலும் சொந்தப் பயன்பாட்டு வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை மற்றும் சரக்கு வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகைக்கு இடமுண்டு. நம் மாநிலத்தில் எவ்வளவு என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். 15 ஆண்டு கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்ந்ததையும், எஃப்.சி.க்குச் செய்யும் பழுதுச் செலவையும் கூட்டிப் பார்த்தே வைத்திருப்பதா, கொடுப்பதா என முடிவு செய்ய வேண்டும்.

விட்டுவிடக் கூடாதவை

இன்சூரன்ஸில் கிளைம் இல்லாததற்கான போனஸ் உரிமையாளருக்கே உரியது, வண்டியோடு போவதில்லை. அது 50 சதவீதம் வரை இருக்கும். அதற்கான கடிதத்தைக் கம்பெனியிடம் வாங்கி வைத்தால், 3 ஆண்டுகளுக்குள் வாங்கும் புதுக் காருக்குப் பயன்படும். ஃபாஸ்டேக் கணக்கையும் மூடிவிட வேண்டும். இல்லையேல் அவர் போகும் சுங்கச்சாவடிக்கு நாம் பணம் கட்ட நேரும். சாவி கொடுத்த தேதி, நேரம், கிலோமீட்டர் அளவு ஆகியவற்றை எழுதி, வாங்குபவரின் கையெழுத்தும் அடையாள அட்டை நகலும் பெற்று, கடைக் கணக்குப் புத்தகங்களோடு பத்திரப்படுத்துவோம்.